யு.கே. நர்ஸ் வேலைக்கு முயன்ற கதை: போன பணம், போன காலம், தெரிந்துகொண்ட விஷயங்கள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யு. ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். படித்தது பி.எஸ்சி. நர்சிங். 2023 நடுவில் யு.கே. போகலாம் என்று ஆரம்பித்தேன். ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு பாஸ், சி.பி.டி. என்ற கம்ப்யூட்டர் நர்சிங் தேர்வு பாஸ், இன்டர்வியூவில் செலக்ட், கையில் ஆஃபர் லெட்டர். எல்லாம் முடிந்தும் போகவில்லை, அதே ஐ.சி.யு.வில் நைட் டூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன். "எல்லாம் பாஸ் பண்ணிட்டியே, அப்புறம் ஏன் போகல?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்கிறவர்களிடம் பாதிக் கதையோடு நிறுத்திவிடுவேன். சொல்லச் சொல்ல வயிறு எரியும் என்பதுதான் காரணம். இப்போது எங்கள் யூனிட்டிலேயே இரண்டு தங்கச்சிகள் கிளம்பத் தயாராகிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே முழுதாக எழுதுகிறேன். கையை விட்டுப் போனது சுமார் மூன்றே கால் லட்சம் ரூபாய். அதில் கொஞ்சம் பின்னால் திரும்பி வந்தது. காலம் திரும்பி வரவில்லை.

முதலில் ஒரு விஷயம். என்னோடு வேலை பார்த்த மலையாளி சிஸ்டர்கள் போகும்போது இந்த அளவு அடிபடவில்லை. அவர்களுக்கு அக்கா, சித்தி, பக்கத்து வீட்டுச் சேச்சி என்று யாராவது ஒருவர் ஏற்கெனவே அங்கே இருப்பார்கள். எந்த ஏஜென்சியை நம்பலாம், எந்தப் பேப்பரை முதலில் வாங்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு போன் காலில் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆளே நான்தான். அப்பாவுக்கு என்.எம்.சி. (யு.கே.யில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) என்றால் என்னவென்று கடைசி வரை புரியவில்லை. "அது ஏதோ ஆபீஸு, அங்க பணம் கட்டணும்" என்பதோடு சரி.

எனக்கு அப்போது கைக்கு வந்த சம்பளம் 22 ஆயிரம். தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளத்தைப் பார்க்க உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையில்கூட 20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்தது. எத்தனை வருடம் கழித்து நான் அந்த எல்லைக்கு வந்து நிற்கிறேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் சேர்ந்த கோச்சிங் சென்டரில் முதல் நாள் வகுப்பில் சார் போர்டில் பெரிதாக எழுதினார்: 28,407 பவுண்டு, வருடத்துக்கு முப்பது லட்சம். யு.கே. அரசு மருத்துவமனையில் ஒரு புது நர்ஸ் 'பேண்ட் 5' என்ற படியில் சேர்வார். அதன் ஆரம்பச் சம்பளம் அப்போது அது. அந்த எண்ணைப் பார்த்த பிறகு அன்றைக்கு யாருடைய காதிலும் வேறு எதுவும் ஏறவில்லை, நான் உட்பட.

அந்தக் கணக்கை இப்போது நான் வேறு மாதிரி போடுவேன். 2025-26-இல் இங்கிலாந்தில் பேண்ட் 5 ஆரம்பச் சம்பளம் 31,049 பவுண்டு. இதில் பென்ஷனுக்கு 8.3 சதவீதம் பிடிப்பார்கள். 12,570 பவுண்டுக்கு மேல் உள்ளதற்கு 20 சதவீதம் வருமான வரி. அதற்கு மேல் நேஷனல் இன்ஷூரன்ஸ் என்று ஒரு 8 சதவீதம். எல்லாம் போக மாதம் கைக்கு வருவது ஏறக்குறைய 1,980 பவுண்டு. இதுவும் அங்கே போய்க் கொடுக்கும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு பாஸ் பண்ணி, நர்ஸ் பதிவு எண்ணான பின் நம்பர் வந்த பிறகுதான். அதுவரை பேண்ட் 3 அல்லது 4 சம்பளம்தான். இந்த 1,980-இல் வீட்டு வாடகை, கவுன்சில் டாக்ஸ், கரண்ட், கேஸ், பஸ் எல்லாம். குழந்தை இருந்தால் கணக்கே மாறிவிடும். எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான வாரம் 15 மணி நேர இலவச நர்சரி மூன்று வயதுக்கு மேல்தான். வேலை பார்க்கும் பெற்றோருக்கு என்று தனியாக இருக்கும் கூடுதல் மணி நேரம், விசாவில் 'அரசு உதவித்தொகை கிடையாது' என்ற நிபந்தனையோடு கணவனும் மனைவியுமாகப் போகிற நமக்குக் கிடைக்காது. என் பையனுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் என் பேட்ச்மேட் சொன்னாள்: "முதல் வருஷம் ஊருக்கு அனுப்பலாம்னு நினைக்காத. அவரு வேலைக்குப் போற வரைக்கும் நீ தனியா மூணு வயித்தப் பாக்கணும்." ஆகையால் பவுண்டை ரூபாயாக மாற்றிப் பார்ப்பதைவிட, அங்கே மாதக் கடைசியில் எத்தனை பவுண்டு மிஞ்சும் என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். நாங்கள் அதை எழுதிய அன்றுதான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை வந்தது. ஆனால் அந்தச் சண்டை இங்கேயே வந்தது நல்லது.

சரி, பணம் போன கதைக்கு வருகிறேன். அந்தக் கோச்சிங் சென்டர் 'ஓ.இ.டி. முதல் விசா வரை' என்று ஒரு பேக்கேஜ் வைத்திருந்தது. ஒரு லட்சத்து இருபதாயிரம். அம்மாவின் வளையலையும் என் செயினையும் அடகு வைத்துக் கட்டினோம். ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதில் எழுதியிருந்த வார்த்தைகளைத்தான் எல்லோருக்கும் காட்ட வேண்டும்: 'பயிற்சி மற்றும் ஆவணக் கட்டணம்'. வேலை வாங்கித் தருவதாக ஓர் எழுத்துகூட இல்லை. வாய் வார்த்தையில் மருத்துவமனை, விசா, ஃப்ளைட் டிக்கெட் எல்லாம் இருந்தது. பேப்பரில் பயிற்சி மட்டும். பின்னால் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பயிற்சி குடுத்துட்டோமே சிஸ்டர்" என்று சென்டரில் இருந்த பெண் அதே ரசீதை என்னிடமே காட்டிச் சிரித்தாள்.

இதன் பின்னால் இருக்கும் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். யு.கே. அரசு வெளியிட்டுள்ள சர்வதேச ஆள்சேர்ப்பு நடத்தை விதிகளின்படி, வேலை வாங்கித் தருவதற்காக நர்ஸிடம் ஏஜென்சி ஒரு பைசா வாங்கக் கூடாது. அந்தச் செலவு வேலை கொடுப்பவருடையது. இந்த விதிக்குக் கட்டுப்படும் ஏஜென்சிகளின் பட்டியலை, என்.ஹெச்.எஸ். (யு.கே. அரசு மருத்துவ சேவை) வேலை கொடுப்பவர்களின் அமைப்பான 'என்.ஹெச்.எஸ். எம்ப்ளாயர்ஸ்' தளத்தில் போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் நாட்டுப் பக்கம், 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30 ஆயிரம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். பதிவு இருக்கிறதா என்று அந்த அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். 'கோச்சிங் சென்டர்' என்று பலகை மாட்டியிருப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். பயிற்சிக்குப் பணம் வாங்குவது தப்பில்லை. பயிற்சி என்று எழுதி வேலைக்குப் பணம் வாங்குவதுதான் சிக்கல். ஆகவே பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: "ஓ.இ.டி. வகுப்புக்கு மட்டும் எவ்வளவு? தனி ரசீது போட்டுத் தாங்க." இதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் நிற்கவே வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களையும் கேட்பார்கள். எங்கேயும் எப்போதும் கொடுக்காதீர்கள். ஸ்கேன் காப்பி போதும். என் ஒரிஜினலை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டு, 'ஃபைல் மூவ் ஆகுது' என்று இழுத்தடித்தார்கள். அண்ணன் நேரில் போய் உட்கார்ந்து, மாலை வரை நகராமல் இருந்து வாங்கி வந்தான்.

ஓ.இ.டி. பற்றி. நான் கட்டியபோது கட்டணம் 587 ஆஸ்திரேலிய டாலர், 32 ஆயிரம் ரூபாய் வந்தது. லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 'பி' வேண்டும், ரைட்டிங்கில் 'சி பிளஸ்' போதும் என்பது என்.எம்.சி.யின் தேவை. நான் முதலில் ஸ்பீக்கிங்கில் 'பி' வாங்கவில்லை. என் ஆங்கிலம் மோசம் என்று அழுதேன். பிறகுதான் புரிந்தது, பிரச்சினை ஆங்கிலத்தில் இல்லை. ஸ்பீக்கிங்கில் ரோல் பிளே என்று, நோயாளியாக நடிப்பவரோடு பேசவைப்பார்கள்; அதற்கு ஒரு கார்டு கொடுப்பார்கள். எனக்கு வந்தது, குழந்தைக்குத் தடுப்பூசி போட மறுக்கும் ஒரு அம்மா. நான் வார்டில் எப்படிப் பேசுவேனோ அப்படியே பேசினேன்: போட்டே ஆகணும், போடலைன்னா இந்த நோய் வரும், பயப்படாதீங்க, இப்பவே போட்டுடலாம். இலக்கணம் சுத்தம், உச்சரிப்பு சுத்தம். ஆனால் அந்த அம்மாவிடம் "உங்களுக்கு எதை நினைத்துப் பயமாக இருக்கிறது?" என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர்கள் மதிப்பெண் போடும் அளவுகோலில் அதற்கென்றே தனி இடம் உண்டு: நோயாளி சொல்வதைக் கேட்டீர்களா, அவருடைய கவலையைத் தேடிப் பிடித்தீர்களா, சொன்னது புரிந்ததா என்று சரிபார்த்தீர்களா. நாற்பது பெட்டுக்கு ரெண்டு ஸ்டாஃப் என்று ஓடும் நமக்கு இந்தப் பழக்கமே கிடையாது. இரண்டாம் முறைக்கு நான் கோச்சிங் போகவில்லை. என் கணவரை நோயாளியாக உட்காரவைத்து, முதலில் கேள்வி கேட்டுவிட்டு அப்புறம்தான் எதையும் சொல்வது என்று பழகினேன். பாவம், அவருக்கு நெஞ்சுவலி, சர்க்கரை, குடல்வால் எல்லாம் வந்து போனது.

ரைட்டிங்கில் ஒரு பக்க கேஸ் நோட்ஸ் கொடுத்து, அதைப் படித்து ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். அந்த நோட்ஸில் பாதி தேவையில்லாத விவரம், வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். கடிதம் சமூக நல ஊழியருக்கு என்றால் பொட்டாசியம் அளவு அவருக்கு எதற்கு? படிக்கப்போகிறவருக்கு எது வேண்டும் என்று பிரித்து எடுப்பதுதான் பரீட்சை. டூட்டி மாறும்போது ஹேண்ட்ஓவர் நோட்டில் எழுதும் சுருக்கெழுத்தெல்லாம் அங்கே செல்லாது. இன்னொன்று, இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்ட என்.எம்.சி. அனுமதிக்கிறது. இரண்டுக்கும் இடையில் 12 மாதத்துக்கு மேல் ஆகக் கூடாது, எந்தப் பகுதியிலும் அவர்கள் சொன்ன கீழ்வரம்புக்குக் குறையக் கூடாது. இதை எங்கள் சென்டரில் யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றிலும் மொத்தமாக வாங்கினால்தான் உண்டு என்று அடுத்த பேட்சுக்கும் பணம் கட்டச் சொன்னார்கள்.

அதிகமாக அலைந்தது பரீட்சைக்கு இல்லை, என் பெயருக்கு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதிகம் வரும் தலைவலி இது. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால். நர்சிங் கவுன்சில் பதிவில் பின்னால். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக 'சர்நேம்' என்று உட்கார்ந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர் ஏறிவிட்டது. முதலில் வேலை பார்த்த மருத்துவமனை கொடுத்த எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டில் இனிஷியலே இல்லை. நமக்கு இது எல்லாம் ஒரே ஆள். வெளியே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு நாலைந்து பெண்கள். வக்கீலிடம் அஃபிடவிட், நோட்டரி, மருத்துவமனைக்கு நடையாய் நடந்து புது சர்டிஃபிகேட் என்று மாதக்கணக்கில் போனது. லீவு கிடைக்காமல் நைட் டூட்டி முடித்துவிட்டு அப்படியே சென்னைக்குப் பஸ் ஏறியிருக்கிறேன். நீங்கள் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இன்றைக்கே எல்லாச் சான்றிதழையும் தரையில் பரப்பி வைத்துப் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயரின் ஸ்பெல்லிங் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட் எப்படி இருக்கிறதோ அதை அச்சாக வைத்து மற்றதைத் திருத்துங்கள். இதற்குச் செலவு குறைவு, எந்த நாட்டுக்குப் போனாலும் உதவும், போகாவிட்டாலும் நஷ்டமில்லை. ஓ.இ.டி.க்குப் பதிவு செய்யும்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுக்க வேண்டும்.

மாநில நர்சிங் கவுன்சிலிலிருந்து நம் பதிவைச் சரிபார்த்து நேரடியாக என்.எம்.சி.க்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் பதிவு புதுப்பித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்.எம்.சி.யில் தகுதி மதிப்பீட்டுக்கு 140 பவுண்டு, சி.பி.டி.க்கு 83 பவுண்டு நான் கட்டினேன். சி.பி.டி. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மருந்துக் கணக்கு ஒரு பகுதி, நர்சிங் கேள்விகள் நூறு இன்னொரு பகுதி. என்.எம்.சி.யின் 'கோட்' என்ற நடத்தை விதிப் புத்தகத்தை நிதானமாகப் படித்தால் போதும்; இலவசமாகவே கிடைக்கிறது. இதற்கும் எங்கள் சென்டர் தனிக் கட்டணம் கேட்டது.

இன்டர்வியூ ஆன்லைனில். மூன்று பேர் இருந்தார்கள். மோசமாகிக்கொண்டிருக்கும் நோயாளி ஒருவரைக் கொடுத்து என்ன செய்வாய் என்று கேட்டார்கள். நியூஸ்-2 என்ற அவர்களுடைய மதிப்பெண் முறை தெரிந்திருந்ததால் தப்பித்தேன். மூச்சு, ஆக்சிஜன் அளவு, பி.பி., நாடி, சுயநினைவு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, மொத்தம் 5 வந்தால் அவசரமாகப் பார்க்க வேண்டும், 7 வந்தால் எமர்ஜென்சி டீமைக் கூப்பிட வேண்டும். தப்பான மருந்து கொடுத்துவிட்டால் யாரிடம் சொல்வாய் என்றும் கேட்டார்கள். நோயாளியிடமே சொல்வேன், மன்னிப்பும் கேட்பேன் என்பதுதான் அங்கே எதிர்பார்க்கும் பதில். இங்கே அப்படிச் சொன்னால் இன்சார்ஜ் சிஸ்டர் மயங்கி விழுந்துவிடுவார்.

2024-இல் ஆஃபர் வந்தது. இங்கிலாந்தின் வடக்கே ஓர் அரசு மருத்துவமனை. அன்றைக்கு வீட்டில் பாயசம். காண்ட்ராக்டை ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அதில் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை ஒன்று இருந்தது: ஃப்ளைட், முதல் மாதத் தங்குமிடம், 794 பவுண்டு ஆஸ்கி கட்டணம் எல்லாம் அவர்கள் கொடுப்பார்கள்; மூன்று வருடத்துக்குள் விலகினால் நாம் திருப்பிக் கட்ட வேண்டும், வருடம் ஆக ஆகத் தொகை குறையும். இது நியாயமானதுதான். ஆனால் தொகை எவ்வளவு, எந்த வருடம் எத்தனை சதவீதம், அவர்களே நம்மை வேலையை விட்டு எடுத்தாலும் கட்ட வேண்டுமா என்ற மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு மூன்றாவது இல்லை. மெயில் போட்டுக் கேட்டேன், பதில் மரியாதையாக வந்தது, காண்ட்ராக்டில் சேர்த்தும் கொடுத்தார்கள். கேட்டால் ஆஃபரைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சென்டரில் பயமுறுத்தியிருந்தார்கள். அதெல்லாம் சும்மா. ஆஸ்கி பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வேலையில் சேரும் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் முதல் தடவை அந்தத் தேர்வைக் கொடுக்க வேண்டும், எட்டு மாதத்துக்குள் பாஸ் ஆகிப் பதிவு முடிந்திருக்க வேண்டும். அதுவரை நாம் அங்கே நர்ஸ் இல்லை.

அப்புறம் சி.ஓ.எஸ்.க்காகக் காத்திருந்தேன். அந்த ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் நம்பர் வந்தால்தான் விசாவுக்கே போட முடியும். "மூணு வாரத்துல வந்துடும், உங்க நோட்டீஸ் பீரியட் மூணு மாசம், இப்பவே ரிசைன் பண்ணாதான் டேட் மேட்ச் ஆகும்" என்று சென்டரிலிருந்து தினமும் போன். ரிசைன் செய்தேன். நோட்டீஸ் முடிந்தது. வார்டில் கேக் வெட்டி, புடவை எடுத்துக் கொடுத்து, போட்டோ எல்லாம் எடுத்து அனுப்பிவைத்தார்கள். சி.ஓ.எஸ். வரவில்லை. மாதங்கள் போயின. கடைசியில் மருத்துவமனையிலிருந்து ஒரு மெயில்: பட்ஜெட் காரணமாக வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம், உங்கள் ஆஃபர் திரும்பப் பெறப்படுகிறது, வருந்துகிறோம். அவ்வளவுதான். 2024-இல் அங்கே பல இடங்களில் இதே நிலைதான். என்.எம்.சி. பதிவேட்டில் வெளிநாட்டிலிருந்து புதிதாகச் சேர்வோர் எண்ணிக்கை கணிசமாகச் சரிந்த காலம் அது. அங்கேயே படித்து முடித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்ற பேச்சும் வந்துவிட்டது. இந்தச் செய்தி எதையும் எங்கள் சென்டர் சொல்லவில்லை. அதே மாதத்தில் புது பேட்சுக்கு விளம்பரம் போட்டார்கள்.

அந்த நாட்களைப் பற்றி என்ன எழுத. மெயில் வந்தது அத்தைக்குத் தெரியாமல் ஒரு வாரம் மறைத்தேன். கடைக்குப் போனால் யாராவது "எப்ப ஃப்ளைட்டு?" என்பார்கள். பையனைப் பால்வாடியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். நைட் டூட்டியில் யார் யாரையோ பிழைக்க வைத்த கைக்கு ஒரு வேலையும் இல்லை என்பது ஒரு மாதிரி கொன்றது. இன்சார்ஜ் சிஸ்டர்தான் போன் செய்து, "கூச்சப்படாத, வந்து ஜாயின் பண்ணு, ஆள் இல்லாம நாங்க சாகுறோம்" என்றார். போனேன். சர்வீஸ் புதுசாகக் கணக்கிட்டார்கள், சம்பளம் பழையதைவிடக் குறைவு. வேலையில்லாமல் இருந்த மாதங்களின் சம்பளம் மட்டும் ஒரு லட்சத்தைத் தொட்டிருக்கும். சி.ஓ.எஸ். நம்பரும் இல்லை, விசாவும் இல்லை என்றால், யார் என்ன அவசரப்படுத்தினாலும் ரிசைன் லெட்டரில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று இன்டர்வியூவிலேயே சொல்லிவிட்டால் போதும். விசா வந்த பிறகு சேரும் தேதியைத் தள்ளிக் கேட்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒருவர் வந்தார். நம்மூர்க்காரர், அங்கே இருக்கிறாராம். "சீனியர் கேரர் சி.ஓ.எஸ். கையில இருக்கு, பன்னிரண்டு லட்சம், ரெண்டு மாசத்துல நீங்க அங்க." கேரர், கேர் வொர்க்கர் என்றால் முதியவர்கள், முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மனசு உடைந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் இவர்கள் வருவார்கள். நான் மறுத்தேன். சி.ஓ.எஸ். விற்பனைப் பொருள் இல்லை. அதன் கட்டணத்தை நிறுவனம் ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது என்றே 2024 டிசம்பர் 31 முதல் விதி இருக்கிறது. கேர் வொர்க்கராகப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்ற விதி 2024 மார்ச்சிலேயே அமலுக்கு வந்துவிட்டது. 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு வெளிநாட்டிலிருந்து கேர் வொர்க்கரை எடுக்கும் வழியையே மூடிவிட்டார்கள். ஸ்பான்சர் நிறுவனத்தின் லைசென்ஸ் ரத்தானால் பொதுவாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும். வட்டிக்கு வாங்கிய பன்னிரண்டு லட்சத்தோடு ஊர் தெரியாத இடத்தில் அந்த 60 நாளை நினைத்துப் பாருங்கள். அவருடைய நம்பரை பிளாக் செய்தேன். அந்த வாரத்தில் எனக்கு நிம்மதி தந்த ஒரே காரியம் அதுதான்.

பணத்தைத் திருப்பி வாங்கிய கதை சுருக்கம். நேரில் போய்ச் சண்டை போட்டதில் ஒன்றும் வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிவு செய்தேன். சென்டர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ்களில் 'விசா வரை எங்கள் பொறுப்பு' என்று ஒரு வரி இருந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். பேசிப் பேசி 35 ஆயிரம் கொடுத்தார்கள். போனில் சொல்வதை எல்லாம் "சார், கொஞ்சம் மெசேஜா அனுப்புங்க, வீட்டுக்காரர்கிட்ட காட்டணும்" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரைச் சாக்காகச் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஓ.இ.டி. மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். என்னுடையது முடிந்துவிட்டது, மறுபடி 32 ஆயிரம் கட்ட மனமில்லை. யு.கே. வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போது ஒருவர் புதிதாக ஆரம்பிப்பதென்றால், அங்கே உண்மையிலேயே ஆள் எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் பரீட்சைக்குப் பணம் கட்டட்டும் என்பேன். என்.ஹெச்.எஸ். வேலை அறிவிப்புகள் எல்லாம் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கின்றன. ஒரு மாதம் தொடர்ந்து பார்த்தாலே நிலவரம் புரிந்துவிடும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து சென்னையில் இருக்கிறது. நர்ஸ்களுக்கான அறிவிப்புகளை அவ்வப்போது வெளியிடுகிறார்கள். அங்கே பெயர் பதிந்து வைத்திருக்கிறேன். வளைகுடா வேலைக்கு டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு, புரோமெட்ரிக் பரீட்சை இரண்டும் போதும், சீக்கிரம் போகலாம், வரியும் கிடையாது. ஆனால் அங்கேயே நிரந்தரமாகத் தங்க முடியாது. குழந்தையை விட்டுவிட்டு இரண்டு வருடம் தனியாக இருக்க எனக்குத் தெம்பில்லை.

ஜெர்மனிதான் இப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு. அங்கே பரீட்சையைவிட மொழிதான் மலை. ஜெர்மன் மொழித் தேர்வில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிகள்; முழு நர்ஸாக அங்கீகாரம் கிடைக்க பி2 வேண்டும், பி1-ஓடு கூட்டிப்போய் அங்கே மீதியைப் படிக்கவைக்கும் மருத்துவமனைகளும் உண்டு. நம் படிப்பில் எது குறைகிறது என்று ஒரு கடிதம் கொடுப்பார்கள். அதை ஈடுகட்டப் பயிற்சி அல்லது ஒரு தேர்வு. அதுவரை உதவியாளர் சம்பளம். யு.கே.யின் பேண்ட் 4 கதைதான், ஊர் மட்டும் வேறு. கணவர் "இன்னொரு தடவையா?" என்கிறார். அத்தை நேராகவே வேண்டாம் என்றுவிட்டார். அந்த 35 ஆயிரத்தில் ஏ1 வகுப்புக்குக் கட்டியிருக்கிறேன், வாரக் கடைசியில் ஆன்லைனில். மொழி வகுப்புக்கான ரசீதில் மொழி வகுப்பு என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். பி1 பாஸ் ஆகும் வரை யாரிடமும் ஃபைல் கொடுப்பதில்லை, வேலையை விடுவதில்லை என்று கணவரோடு ஒப்பந்தம். பி1 முடிந்ததும் மறுபடி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், இந்தமுறை யூரோவில்.